ஈப்போத் தண்ணீரும் குளியலறைக் கண்ணாடியும்

குளியலறைக் கண்ணாடித் தடுப்பு விற்கும் கடைகளில் கண்ணாடியோடு சேர்த்து இன்னொன்றுக்கும் விலை பேசப்படுகிறது. 'நானோ கோட்டிங்' என்ற பெயரில் வரும் பாதுகாப்புப் பூச்சுதான் அது. தண்ணீர் ஒட்டாது, கறை பிடிக்காது, தேய்த்துக் கழுவும் வேலை மிச்சம் என்பது விற்பவர் சொல்லும் பயன். அதற்குக் கொடுக்கும் பணம் தகுமா என்பதைப் பூச்சின் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டுக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதுதான் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது. பேராக் மாநிலத்தில், குறிப்பாக ஈப்போவிலும் அதைச் சுற்றியுள்ள பழைய ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலும், இதற்கான விடை சில கிலோமீட்டர் தூரத்திலேயே மாறிவிடும்.

இங்கே கண்ணாடித் தடுப்பே புது வரவு. தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் பொதுக் குழாயடியிலும் கிணற்றடியிலும் குளித்தார்கள். பின்னால் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தபோது சிமெண்டுத் தொட்டியில் நீர் நிரப்பி மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். தரை முழுதும் நனையும். அதனால் யாருக்கும் நட்டமில்லை. வாட்டர் ஹீட்டரும் ஷவரும் பரவிய பிறகுதான் ஈரப் பகுதியையும் உலர்ந்த பகுதியையும் பிரிக்க ஒரு கண்ணாடிச் சுவர் தேவைப்பட்டது. சுவர் வந்ததும் அதைத் துடைக்கும் வேலையும் வந்தது.

ஜன்னலுக்கும் குளியலறைக்கும் பயன்படும் சாதாரணக் கண்ணாடியில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா. மீதியில் பெரும்பகுதி சோடியம், கால்சியம் ஆக்சைடுகள். பார்க்க வழவழப்பாக இருந்தாலும் அதன் மேற்பரப்பு நீரை விரும்பும் இயல்புடையது. தெளித்த நீர் துளியாக நிற்காமல் பரவி, மெல்லிய படலமாகி, அங்கேயே காய்கிறது. நீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்திருந்தவை போவதில்லை.

மிஞ்சுவது என்ன என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் சுண்ணாம்பு என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் மூன்று வேறு வேறு குறைகள் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் கண்ணாடியில் தெரிகின்றன.

முதலாவது, சுண்ணாம்புப் படிவு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மென்மையான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறை வழியே இறங்கும்போது அதைச் சிறிது கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாகச் சுமந்து செல்கிறது. அந்த நீர் சூடானாலும், காற்றுப்பட்டு வாயுவை இழந்தாலும், சுமந்து வந்தது மறுபடி கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படிகிறது. பேராக் தோங், சாம் போ தோங் குகைக் கோயில்களிலும் கோப்பெங் பக்கத்துத் தெம்புரோங் குகையிலும் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகள் இப்படித்தான் உருவாயின. கடின நீர் வரும் வீட்டின் கண்ணாடியில் நிகழ்வதும் அதே வேதியியல்தான். வேறுபாடு காலத்திலும் அளவிலும் மட்டும்.

இரண்டாவது, சோப்புப் படிவு. சோப்புக்கட்டி என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்பு. மலேசியச் சோப்பில் பெரும்பாலும் அது செம்பனை எண்ணெயிலிருந்து வருகிறது. நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தின் இடத்தைப் பிடித்தால் கரையாத, மெழுகு போன்ற அழுக்கு உண்டாகும். உடம்பின் எண்ணெய்ப் பசையும் இறந்த தோலும் அதில் சேர்ந்து கண்ணாடியை மங்கலாக்கும். பாட்டிலில் வரும் ஷவர் ஜெல்கள் பெரும்பாலும் சோப்பே அல்ல, செயற்கைச் சலவைப் பொருள்கள்; அவை இந்த அழுக்கை உண்டாக்குவதில்லை. கட்டியிலிருந்து ஜெல்லுக்கு மாறிய வீடுகளில் கண்ணாடி தெளிவாக இருப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். புகழ் மட்டும் பூச்சுக்குப் போய்விடும்.

மூன்றாவது, படிவே அல்ல. கண்ணாடியின் சொந்தத் தேய்வு. ஈரம் நெடுநேரம் தங்கும்போது நீரின் ஹைட்ரஜன் அயனிகள் கண்ணாடிக்குள் புகுந்து சோடியத்தை வெளியேற்றுகின்றன. வெளிவந்த சோடியம் அங்கே நிற்கும் நீரைக் காரமாக்குகிறது. காரம் கூடியதும் சிலிக்காவே அரிபடத் தொடங்கும். மென்மையான நீரிலும் இது நடக்கும். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் எழுபது, எண்பது விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும் மலேசியச் சமவெளியில், ஜன்னலும் காற்றாடியும் இல்லாத குளியலறை காயவே காயாது. ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்ட கண்ணாடியில் எந்தத் திரவத்துக்கும் அசையாத மங்கல் ஒன்று நிலைத்துவிடும். அதைப் பாலிஷ் செய்து பார்க்கலாம், அல்லது கண்ணாடியை மாற்றலாம். பூச்சு அதைச் சரிசெய்யாது. மங்கலின் மேல் பூசினால் மங்கல் அப்படியே மூடிப் பாதுகாக்கப்படும், அவ்வளவுதான்.

இனி ஈப்போவின் தண்ணீர். இந்த ஊர் சுண்ணாம்புக் குன்றுகளின் நடுவே இருக்கிறது. தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து காவடிகள் போய்ச் சேரும் கல்லுமலைக் கோயில் குனோங் செரோவின் அடியில் உள்ளது. அந்தக் குன்றும் சுண்ணாம்புப் பாறையே. சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட் மாவும் எடுக்கும் குவாரிகள் வரிசையாக நிற்கின்றன. குன்றுகள் நிறைந்த இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கு 2018-இல் தேசிய ஜியோபார்க்காக அறிவிக்கப்பட்டது. ஈப்போவின் தவ்கே என்னும் பயறு முளை கொழுத்து வளர்வதற்கு மலையடிச் சுண்ணாம்பு நீரே காரணம் என்ற ஊர்ப்பேச்சும் உண்டு. இத்தனையும் சேர்ந்து, ஈப்போக் குழாயில் வருவது கடின நீர்தான் என்ற எண்ணத்தை எளிதில் உண்டாக்கிவிடும்.

ஆனால் குழாய்க்குப் போகும் நீர் அந்தக் குன்றுகளின் அடியிலிருந்து எடுக்கப்படுவதில்லை. கிந்தா ஆறு திதிவங்சா மலைத்தொடரில் பிறக்கிறது. தஞ்சோங் ரம்புத்தானுக்கு மேலே, உலு கிந்தாவில், சுல்தான் அஸ்லான் ஷா அணையில் தேக்கி, சுத்திகரித்து, பேராக் நீர் வாரியம் நகருக்கு அனுப்புகிறது. அந்த மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். கருங்கல்லில் மழைநீருக்குக் கரைத்துக்கொள்ளச் சுண்ணாம்பு மிகக் குறைவு. பாரிட் பக்கம் பேராக் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் நீரும் கிந்தா வட்டாரத்துக்கு வருகிறது. அதுவும் ஆற்று நீரே. நீரின் அமிலத்தன்மையைச் சீராக்கச் சுத்திகரிப்பு நிலையங்களில் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம் என்றாலும், நீரைக் கடினமாக்கும் அளவு அதில் இல்லை. லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் கால்சியம் கார்பனேட் இருந்தால் மென்னீர், 120-க்கு மேல் போனால் கடின நீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட பிரிவு. லண்டன் நகரம் மேல் தட்டில் இருக்கிறது. மலையாற்று நீரைக் குடிக்கும் ஈப்போ கீழ்த் தட்டில்.

இந்த வேறுபாட்டுக்கு இங்கே ஏன் இத்தனை இடம் என்றால், கண்ணாடிப் பூச்சுகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் கடின நீர் நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் எடுத்த 'முன், பின்' படங்களைக் காட்டி ஈப்போ வாசிக்கு விற்பது, வராத நோய்க்கு மருந்து விற்பதாக முடியலாம்.

வீட்டுக்கு வருவது எந்த நீர் என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கொதிக்கவைத்த நீரையே குடிப்பது மலேசிய வீடுகளின் பழக்கம். கேத்தலின் அடியைப் பார்த்தால் போதும். மாதக்கணக்கில் காய்ச்சியும் அடி பளபளவென்று இருந்தால் நீர் மென்மையானது. வெள்ளைப் பொருக்குப் படிந்து, கரண்டியால் சுரண்டினால் செதிலாக உரிந்தால் கடின நீர். கண்ணாடிக் கறையையும் இதேபோல் சோதிக்கலாம். ஓரிடத்தில் சமையல் வினிகரைச் சில நிமிடம் ஊறவிட வேண்டும். கரைந்தால் சுண்ணாம்பு. வினிகருக்கு அசையாமல், பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் வெந்நீருக்கும் போனால் சோப்பும் எண்ணெயும். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் கண்ணாடியின் தேய்வு.

நகரக் குழாய் நீருக்குச் சொன்னது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. குன்றடியில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்ட தனி வீடுகள், பண்ணைகள், தங்கும் விடுதிகள் உண்டு. தம்பூன், குனோங் ராப்பாட், கோப்பெங் பக்கங்களில் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் நிலத்தடி நீர் கடினமாக இருப்பதே இயல்பு. அங்கே கேத்தலும் கண்ணாடியும் ஒரே கதையைத்தான் சொல்லும். பழைய தோட்டப் பகுதிகளின் சிக்கல் வேறு. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்த இடங்களில் இன்னமும் கிணற்று நீரையோ மலையோடை நீரையோ நம்பும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த நீரில் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைவு. இரும்பும் வண்டலும் அதிகம் இருக்கலாம். காற்றுப்பட்டதும் இரும்பு துருவாகிப் பழுப்புக் கோடுகளாகக் கண்ணாடியில் வழியும். இதற்கு முதலில் வேண்டியது மணல் வடிகட்டியோ இரும்பு நீக்கும் வடிகட்டியோதான். குளிக்கவும் துவைக்கவும் அதே நீர்தானே வருகிறது. கண்ணாடிக்கு மட்டும் பாதுகாப்புத் தேடுவதில் பொருளில்லை.

பூச்சு என்ன செய்கிறது? கடையில் பூசப்படுபவற்றில் பெரும்பாலானவை சிலேன் வகைச் சேர்மங்கள். அவற்றின் ஒரு முனை கண்ணாடியின் சிலிக்காவோடு வேதிப் பிணைப்பு கொள்ளும். மறுமுனை நீரை வெறுக்கும் கரிமச் சங்கிலி. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் இப்படி நெருங்கி நின்றால் கண்ணாடியின் இயல்பு தலைகீழாகி, நீர் பரவாமல் துளியாகத் திரளும். துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணத்தை வைத்து இதை அளக்கிறார்கள். தூய கண்ணாடியில் அது 30 பாகைக்கும் குறைவு. நல்ல பூச்சில் 100 முதல் 110 பாகை வரை.

விற்பனையாளர்கள் இதைத் தாமரை இலைத் தண்ணீரோடு ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு தவறு. தாமரை இலையில் கோணம் 150 பாகைக்கு மேல். இலையின் மேல் நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் மெழுகுத் துகள்களும் இருப்பதால் துளி நுனிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு உருண்டோடுகிறது. போகும் வழியில் தூசியையும் அள்ளிக்கொள்கிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் வில்ஹெல்ம் பார்த்லோட், கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸ் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார்கள். குளியலறைக் கண்ணாடி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் பூச்சு வழவழப்பாகவே இருக்கிறது. பெரிய துளிகள் வழிந்துவிடும். சின்னத் துளிகள் செங்குத்துக் கண்ணாடியிலும் அப்படியே ஒட்டி நிற்கும். கடின நீராக இருந்தால் ஒவ்வொன்றும் காய்ந்து ஒரு வெள்ளைப் புள்ளியாகும். பூசாத கண்ணாடியில் மெல்லிய படலமாகத் தெரிவது, பூசிய கண்ணாடியில் புள்ளி புள்ளியாக இன்னும் எடுப்பாகத் தெரிவதும் உண்டு. பூச்சின் உண்மையான நன்மை கறை படியாமை அல்ல; படிந்த கறை ஆழமாகப் பிடிக்காமல், ஈரத்துணியால் துடைத்ததும் வந்துவிடுவது. துடைக்கவே வேண்டாம் என்று எவர் சொன்னாலும் அது மிகை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நீரை வெறுக்கும் பூச்சு எண்ணெயை வெறுக்கும் என்பதில்லை. தீபாவளிக் காலையில் நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகும் வீட்டில் கண்ணாடியின் மேல் எண்ணெயும் சீயக்காயும் தெறிக்கும். அந்தப் படலம் பூச்சை மூடிவிட்டால் நீர் திரளாது. பூச்சுப் போய்விட்டது என்று நினைத்து மறுபடி பணம் கொடுக்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தால் மென்மையாகக் கழுவினால் பல நேரம் துளிகள் மறுபடி திரளும். கழுவியும் திரளாவிட்டால்தான் பூச்சு தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

தேயாத பூச்சு என்று வீட்டில் பூசுவதில் எதுவும் இல்லை. வெந்நீரும் காரமும் சிலேனின் பிணைப்பை மெல்ல அறுக்கின்றன. பச்சை நிற நாரும் தேய்ப்புத் தூளும் அந்த வேலையை விரைவில் முடித்துவிடும். தொழிற்சாலையில் கண்ணாடி செய்யும்போதே சேர்க்கப்படும் பூச்சுகள் வேறு வகை. செயின்ட் கோபைன், கார்டியன் போன்ற பெரிய நிறுவனங்கள் அப்படிப்பட்ட குளியலறைக் கண்ணாடிகளை விற்கின்றன. அவை நெடுநாள் நிற்கும். ஆனால் புதிதாகக் கண்ணாடி வாங்கும்போது மட்டுமே அந்தத் தேர்வு உண்டு. சுவரில் பொருத்திய கண்ணாடிக்குப் பிறகு சேர்க்க முடியாது. எந்தப் பூச்சும் கண்ணாடியை உறுதியாக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உறுதி, கண்ணாடியைச் சூடாக்கிச் சடுதியில் குளிரவைக்கும் முறையிலிருந்து வருகிறது. ஓரத்தில் சில்லுப் பெயர்ந்த கண்ணாடியைப் பூச்சு காப்பாற்றாது.

'நானோ' என்ற சொல்லுக்கு மயங்கவும் வேண்டாம், வீணாக அஞ்சவும் வேண்டாம். 2006 மார்ச் மாதம் ஜெர்மனியில் 'மேஜிக் நானோ' என்ற பெயரில் கண்ணாடிக்கும் குளியலறைக்குமான பூச்சு ஸ்ப்ரே விற்பனைக்கு வந்தது. சில நாள்களிலேயே ஏறத்தாழ நூறு பேர் மூச்சுத்திணறலும் இருமலுமாகப் புகார் செய்தார்கள். சிலர் நுரையீரலில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பொருள் உடனே திரும்பப் பெறப்பட்டது. பிறகு சோதித்தபோது அதில் நானோ துகள்களே இல்லை என்று தெரிந்தது. கேடு செய்தது பெயரல்ல. நீரை விரட்டும் பொருளை நுண் பனியாக மூடிய அறைக்குள் அடித்து மூச்சில் இழுத்ததுதான். ஆகவே ஜன்னலற்ற குளியலறையில் ஸ்ப்ரே வகையைத் தவிர்த்து, துணியால் தேய்த்துப் பூசும் வகையைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பூசுவது நல்லது. ஃபுளோரின் கொண்ட சிலேன்கள் எண்ணெயையும் ஓரளவு விரட்டும். ஆனால் அவை இயற்கையில் எளிதில் சிதையாத சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக்குப் பல நாடுகள் கட்டுப்பாடு விதித்துவருகின்றன.

பூச்சுக்குப் போட்டியாக நிற்பது ஒரு ரப்பர் வைப்பர். குளித்து முடித்ததும் மேலிருந்து கீழாக நான்கைந்து இழுப்பு. பெரும்பாலான நீர் காயுமுன்பே போய்விடும். நீர் போனால் சுண்ணாம்பும் போகும், சோப்பும் போகும், கண்ணாடி தேயவும் வாய்ப்புக் குறையும். குளியலறையில் ஈரத்தை வெளியே இழுக்கும் ஒரு காற்றாடியும் இருந்தால் ரப்பர்ப் பட்டை ஓரங்களிலும் சிலிக்கோன் ஒட்டுகளிலும் கருப்புப் பூஞ்சை படர்வது தணியும். பூச்சு அந்தப் பூஞ்சையைத் தொடுவதே இல்லை.

கணக்கு இப்படிப் போடலாம். ஒரு பூச்சுக்கு 300 ரிங்கிட் கேட்கிறார்கள், மூன்று ஆண்டு நிற்கும் என்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு எட்டு ரிங்கிட்டுக்குச் சற்று மேல். ஓராண்டில் தேய்ந்துவிட்டால் மாதம் 25 ரிங்கிட். உலு கிந்தா நீர் வரும் தாமான் வீட்டில், வைப்பர் இழுக்க ஆள் இருந்தால், அந்த எட்டு ரிங்கிட்டும் வீண் என்றே சொல்லலாம். மூட்டு வலியால் கை உயர்த்த முடியாத முதியவர் தனியாக இருக்கும் வீடு, விருந்தினர் மாறிக்கொண்டே இருக்கும் ஹோம்ஸ்டே, குன்றடி ஆழ்துளை நீரை நம்பும் வீடு ஆகியவற்றில் கணக்கு மாறும். கடைசியாகச் சொன்ன வீட்டிலும், நீர் மிகக் கடினமானால் மென்னீராக்கும் கருவியைப் பற்றி முதலில் விசாரிப்பது மேல். அது கண்ணாடியோடு ஹீட்டரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் சேர்த்துக் காக்கும்.

முடிவு செய்ய முடியாதவர்கள் வீட்டில் பூசும் சிறு பாட்டில் ஒன்றை வாங்கி, கறை முழுதும் நீக்கிக் காயவைத்த கண்ணாடியில் ஒரு பாதிக்கு மட்டும் பூசிப் பார்க்கலாம். மூன்று மாதம் கழித்து இரண்டு பாதிகளையும் ஒரே மாதிரி துடைத்தால் வேறுபாடு தெரியும். அல்லது தெரியாமலே போகும். இரண்டுமே பயனுள்ள விடைதான்.

பூசுமுன் பழைய சுண்ணாம்பை நீக்க வினிகரோ சிட்ரிக் அமிலமோ போதும். ரப்பர்ப் பாலை உறையவைக்கத் தோட்டங்களில் ஊற்றிய ஃபார்மிக் அமிலமும் சுண்ணாம்பை நன்றாகவே கரைக்கும். சில கறை நீக்கிகளில் அது கலந்திருக்கிறது. ஆனால் செறிவானது தோலைப் புண்ணாக்கும், ஆவி கண்ணை எரிக்கும். பழைய கலனில் மிச்சம் இருக்கிறதென்று குளியலறைக்குக் கொண்டுவரக் கூடாது. எந்த அமிலத்தையும் குளோரின் பிளீச்சோடு கலக்கவும் கூடாது, நச்சு வாயு கிளம்பும். ஈப்போவுக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு: இங்கே தரையிலும் சுவரிலும் சலவைக்கல் பதித்த வீடுகள் பல. சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட்தான். கண்ணாடியிலிருந்து வழியும் வினிகர் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். கீழே பழைய துண்டு விரித்து, கண்ணாடியை நிறைய நீரால் கழுவிவிட வேண்டும்.

பணம் கொடுத்துப் பூசுவதென்றால், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதோடு எந்தச் சோப்பு, எந்தத் துணி பயன்படுத்தினால் அந்த உத்தரவாதம் செல்லாமல் போகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான, தவறாக வழிநடத்தும் விற்பனைக் கூற்றுகளைத் தடை செய்கிறது. அதன்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. அங்கே போக நேர்ந்தால் கையில் இருக்க வேண்டியவை ரசீது, உத்தரவாதத் தாள், பூசிய அன்று எடுத்த படம்.